டைமிங் பெல்ட்டை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக்: பணம் கட்டலாமா, வேண்டாமா?

எஞ்சின் ஆயில் மாற்றத்தான் கம்போங் ராஜாவில் காடியைப் பட்டறைக்குக் கொண்டு போனீர்கள். "டைமிங் பெல்ட் டைம் ஆச்சு, மாத்திடலாம் பாஸ்" என்கிறார் மெக்கானிக். காடியில் சத்தம் இல்லை, இழுவை குறையவில்லை, டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை. செலவு மட்டும் சில நூறு ரிங்கிட். நம்பலாமா?

பதில் உங்கள் எஞ்சினைப் பொறுத்தது. முடிவெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

டைமிங் பெல்ட் என்ன செய்கிறது?

எஞ்சினுக்குள் பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடுகின்றன. வால்வுகள் திறந்து மூடுகின்றன. இரண்டும் ஒரே தாளத்தில் நடக்க வேண்டும். அந்தத் தாளத்தைக் காப்பது பற்கள் கொண்ட ஒரு ரப்பர் பட்டை. அதுதான் டைமிங் பெல்ட்.

அது அறுந்தால் எஞ்சின் அந்த நொடியே நின்றுவிடும். பல எஞ்சின்களில் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும், வால்வு வளையும். டீசல் எஞ்சின் என்றால் தப்பிப்பது மிகக் கடினம். சில நூறு ரிங்கிட்டில் முடிந்திருக்க வேண்டிய வேலை அப்போது ஆயிரங்களுக்குப் போய்விடும். சாதாரண வாகனக் காப்புறுதி இயந்திரக் கோளாறுக்குப் பணம் தராது.

உங்கள் காடியில் டைமிங் பெல்ட் இருக்கிறதா?

முதலில் இதைத்தான் பார்க்கணும். எல்லா எஞ்சினிலும் பெல்ட் கிடையாது. பலவற்றில் இரும்புச் சங்கிலி, அதாவது டைமிங் செயின் இருக்கும். அதற்குக் குறிப்பிட்ட கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்ற கணக்கு பொதுவாக இல்லை. ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் நீண்ட நாள் உழைக்கும்.

- பெல்ட் உள்ளவை: பழைய புரோட்டோன் சாகா, விரா, வாஜா, கேம்ப்ரோ எஞ்சின் கொண்ட ஜென்-2, பெர்சோனா, சாகா பிஎல்எம், பெரோடுவா கஞ்சில், 2016-க்கு முந்தைய டொயோட்டா ஹைலக்ஸ் விகோ டீசல், மிட்சுபிஷி டிரைட்டன் 2.5 டீசல்.
- செயின் உள்ளவை: பெரோடுவா மைவி 1.3 மற்றும் 1.5, அக்சியா, பெஸ்ஸா.

கேமரன் மலையின் அடையாளமாகிவிட்ட லேண்ட் ரோவர்களில் இரண்டு வகையும் உண்டு. பழைய சீரிஸ் வண்டிகளின் 2.25 லிட்டர் எஞ்சினில் செயின். பின்னர் வந்த 2.5 டீசல், 200 டிடிஐ, 300 டிடிஐ எஞ்சின்களில் பெல்ட். காய்கறித் தோட்ட வண்டிகள் பலவற்றில் எஞ்சின் மாற்றப்பட்டிருக்கும். அதனால் கிரான்டில் உள்ள வருடத்தை மட்டும் நம்பாதீர்கள், எஞ்சின் எண்ணைப் பாருங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. "பெல்ட் மாத்தணும்" என்று மெக்கானிக் சொல்வது ஃபேன் பெல்ட்டாகவும் இருக்கலாம். அது எஞ்சினுக்கு வெளியே கண்ணுக்குத் தெரியும், விலையும் குறைவு. டைமிங் பெல்ட் மூடிக்குள் இருக்கும். "எந்த பெல்ட்டுண்ணே?" என்று கேட்டுவிடுங்கள்.

எப்போது மாற்ற வேண்டும்?

பெல்ட் பெரும்பாலும் முன்னறிவிப்பு தராமல்தான் அறும். "நல்லாத்தானே ஓடுது" என்பது ஆதாரம் ஆகாது. மூன்று கணக்குகளைப் பாருங்கள்.

- கிலோமீட்டர்: எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். உரிமையாளர் கையேட்டில் இருக்கும். பல பெல்ட்களுக்கு 60,000 முதல் 100,000 கி.மீ. ஹைலக்ஸ் விகோ டீசலுக்கு 150,000 கி.மீ. அந்த அளவை எட்டியதும் டேஷ்போர்டில் டி-பெல்ட் விளக்கு எரியும்.
- வயது: ஓடாமல் நின்றாலும் ரப்பர் கெட்டியாகும், வெடிக்கும். தோட்டத்துக்கும் கடைக்கும் மட்டும் போய்வரும் சாகா குறைந்த தூரமே ஓடியிருக்கலாம். ஆனால் பெல்ட்டுக்குப் பத்து வயது என்றால் மாற்ற வேண்டியதுதான்.
- உழைப்பு: பாரம் ஏற்றி மலை ஏறுவதும், மண் பாதையில் ஓடுவதும் கடினமான பயன்பாடு. இதற்குப் பல கையேடுகள் குறைந்த கிலோமீட்டரைச் சொல்கின்றன. ஆயில் ஒழுகி பெல்ட்டில் பட்டிருந்தால் கணக்கே பார்க்க வேண்டாம்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியா? பெல்ட் மாற்றியதற்கு ரசீதோ எஞ்சின் மூடியில் குறிப்போ இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

"ஈப்போவில் மலிவு" என்று நண்பர் சொன்னால்?

விலையைக் கேட்டு ஒப்பிடுவது நல்லதே. ஆனால் கெடு தாண்டிய பெல்ட்டோடு சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கலாமா என்பதையும் யோசிக்கணும். கம்போங் ராஜாவிலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேல் கீழே இறங்கும் பாதை அது. வழியில் எஞ்சின் நின்றால் பவர் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக்குக்கான வெற்றிட உதவி ஓரிரு மிதிக்குத்தான் வரும். மிச்சம் பிடிக்க நினைத்த பணம் இழுவை வண்டிக்கே போய்விடலாம்.

கெடு வர இன்னும் தூரம் இருந்தால் அவசரமில்லை. தாராளமாக இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். கெடு தாண்டிவிட்டால் அருகிலேயே மாற்றுங்கள்.

பணம் கட்டும் முன் என்ன கேட்கலாம்?

- "இந்த எஞ்சினுக்கு எத்தனை கிலோமீட்டரில் மாத்தணும்?" தெளிவான எண் வராவிட்டால் வேறு இடத்திலும் கேளுங்கள்.
- "டென்ஷனர், பேரிங் சேர்த்தா?" பெல்ட்டை மட்டும் மாற்றி, தேய்ந்த டென்ஷனரை விட்டால் புது பெல்ட்டும் போகும்.
- "வாட்டர் பம்ப்?" சில எஞ்சின்களில் அதை ஓட்டுவதே டைமிங் பெல்ட்தான். அப்போது சேர்த்து மாற்றினால் கூலி ஒருமுறைதான்.
- டிரைட்டன் 2.5 என்றால் "பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட்டும் உண்டா?" அது அறுந்தால் டைமிங் பெல்ட்டையும் கெடுக்கும்.
- பாகம், கூலி தனித்தனியாக எழுதிய ரசீது, கழற்றிய பழைய பெல்ட் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி வையுங்கள்.

வேலை சரியில்லை என்றால்?

1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை தருபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும். முன்கூட்டியே விலை பேசவில்லை என்றால் நியாயமான விலைக்கு மேல் நீங்கள் தரவேண்டியதில்லை.

சொந்தப் பயன்பாட்டு வண்டி என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, ஆனால் ரசீது வேண்டும்.

வழியிலேயே அறுந்துவிட்டால்?

பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காதீர்கள், ஒரே அழுத்தமாக மிதியுங்கள். அபாய விளக்கைப் போட்டு இடது ஓரம் ஒதுக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். மீண்டும் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம். ஒவ்வொரு முயற்சியிலும் இன்னும் சில வால்வுகள் வளையலாம்.