வளைபரப்பில் தளவரைபடம் பொருத்தல்

வளைபரப்பில் தளவரைபடம் பொருத்தல் என்பது, சமதளத்தில் வரையப்பட்ட கோடு, எழுத்து, சின்னம் முதலியவற்றைக் கணினிவழி வடிவமைப்பு மென்பொருளின் துணையுடன் முப்பரிமாணப் பொருளொன்றின் வளைந்த பரப்பின் மீது அமைக்கும் செயன்முறை ஆகும். மோதிரத்தில் பெயர் பொறித்தல், போத்தலின் மேல் எழுத்துகளைப் புடைப்பாக அமைத்தல் போன்ற பணிகளில் இது பயன்படுகிறது.

கணித அடிப்படை

உருளை, கூம்பு ஆகியவற்றின் பக்கப் பரப்புகளை வெட்டி, நீட்டாமலும் சுருக்காமலும் தட்டையாக விரிக்க இயலும். இவை விரிதகு பரப்புகள் எனப்படும். கோளத்தை இவ்வாறு விரிக்க இயலாது. பரப்பொன்றை நீட்டாமல் வளைக்கும்போது அதன் காஸ் வளைமை மாறுவதில்லை என்பதைச் செருமானியக் கணிதவியலாளர் காஸ் 1827 இல் நிறுவினார். தளம், உருளை, கூம்பு ஆகியவற்றின் காஸ் வளைமை 0 ஆகும். கோளத்துக்கு அது 0 அன்று. எனவே கோளத்தின் மீது பொருத்தப்படும் எந்தப் படத்திலும் நீளங்கள் அனைத்தையும் பிழையின்றிக் காக்க முடியாது. கோணத்தையோ பரப்பளவையோ மட்டும் காக்கலாம்.

முறைகள்

* வீழ்த்தல்: படம் ஒரே திசையில் நேராகப் பரப்பின் மீது வீழ்த்தப்படுகிறது. பரப்பு 60 பாகை சாய்ந்துள்ள இடத்தில், சாய்வுத் திசையில் அமைந்த 10 மி.மீ. கோடு 20 மி.மீ. ஆக நீள்கிறது.
* சுற்றுதல்: தாளைச் சுற்றுவது போல நீளம் மாறாமல் படம் பொருத்தப்படுகிறது. சாலிட்வொர்க்ஸ் மென்பொருளில் இது 'ராப்' எனப்படுகிறது.
* ஆயமுறைப் பொருத்தல்: படத்தின் இரு அச்சுகளும் பரப்பின் யு, வி என்னும் இரு அளவுருக்களுடன் இணைக்கப்படுகின்றன. ரைனோ மென்பொருளின் 'ஃபுளோ அலாங் சர்ஃபேஸ்' கட்டளை இவ்வகையைச் சேர்ந்தது. எட்வின் கேட்முல் 1974 இல் யூட்டா பல்கலைக்கழக ஆய்வேட்டில் விளக்கிய, படத்தைப் பரப்பின் மீது போர்த்தும் முறையும் இதே கருத்தை அடிப்படையாகக் கொண்டது.

எடுத்துக்காட்டு

20 மி.மீ. ஆரமுள்ள உருளையின் சுற்றளவு ஏறத்தாழ 125.7 மி.மீ. ஆகும். அதன் மீது 60 மி.மீ. நீளமுள்ள எழுத்துவரியைச் சுற்றினால் அது ஏறத்தாழ 172 பாகை அளவுக்குப் பரவும். அதே வரியை நடுவில் வைத்து வீழ்த்தினால், உருளையின் விட்டம் 40 மி.மீ. மட்டுமே என்பதால், இருபுறமும் 10 மி.மீ. பகுதி பரப்பில் விழாது.

கோளத்தில் நிலைமை வேறு. நெடுங்கோடு, குறுங்கோடு ஆகியவற்றை அச்சுகளாகக் கொண்டு ஒரே அளவுள்ள சதுரங்களைப் பொருத்தினால், நடுக்கோட்டில் 10 மி.மீ. அகலமுள்ள சதுரம் 60 பாகைக் குறுங்கோட்டில் 5 மி.மீ. ஆகக் குறுகும், அதன் உயரம் மாறாது.

சரிபார்த்தல்

திரையில் ஒரு கோணத்தில் மட்டும் பார்க்கும்போது இத்தகைய திரிபு புலப்படாமல் போகலாம். உலோக அச்சு வெட்டப்பட்ட பின்னர் அதைத் திருத்துவது கடினம். எனவே உரிய படத்துக்கு முன் சம அளவுள்ள சதுரக் கட்டங்களைப் பொருத்தி, அவற்றின் பக்கங்களைப் பரப்பின் மீதே அளந்து பார்த்தல் வேண்டும். கட்டங்கள் பெரிதும் மாறும் இடங்களில் படத்தை முன்கூட்டியே எதிர்த்திசையில் திரித்தோ, சிறு பகுதிகளாகப் பிரித்தோ பொருத்தலாம்.

தலைகீழ்ச் செயன்முறை

வளைபரப்பைத் தட்டையாக விரித்தல் இதன் மறுதலை ஆகும். காலணித் தோல், கூடாரத் துணி, கப்பலின் உடற்தகடு ஆகியவற்றை வெட்டுவதற்கான வார்ப்புருக்கள் இவ்வாறு பெறப்படுகின்றன.