விசைப்பலகையும் கேம்பேடும்

கணிப்பொறியில் விளையாடும் பழக்கமுடைய இளைஞர் இருவர் ஓரிடத்திற் கூடினால், சிறிது நேரத்திற்குள் ஒரு வழக்கு எழுவதைக் காணலாம். "விசைப்பலகையும் மவுஸும் இருக்கும்போது கேம்பேடைக் கையில் எடுப்பாரும் உண்டோ?" என்பான் ஒருவன். "இரு கைக்குள் அடங்கும் கருவியை வைத்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்தபடி ஆடும் சுகம் உனக்கு எங்கே தெரியப் போகிறது?" என்பான் மற்றவன். இவ்வழக்கில் தீர்ப்புக் கூற நான் வரவில்லை. இவ்விரு கருவிகளும் எங்கே பிறந்தன, எக்காரணத்தால் இன்றைய வடிவத்தை அடைந்தன என்ற வரலாற்றைச் சொல்லவே வந்திருக்கிறேன். என் மனம் எப்பக்கம் சாய்கிறது என்பது பேச்சினிடையே வெளிப்பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1958-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில், பார்வையாளருக்காக ஒரு விளையாட்டை அமைத்து வைத்தார்கள். வில்லியம் ஹிகின்பாதம் என்ற பௌதிக அறிஞர் அதை வகுத்தார். அலைகாட்டியின் சிறு வட்டத் திரையில் ஒளிப்புள்ளி ஒன்று பந்தாக எழுந்து, வலைக்கு மேலே சென்று, மறுபுறம் விழும். ஆடுவோர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு பெட்டி. அதில் ஒரு திருகு, ஒரு பொத்தான். திருகைத் திருப்பினால் பந்து செல்லும் கோணம் மாறும். பொத்தானை அழுத்தினால் பந்து அடிபடும். அணுகுண்டு ஆக்கத்தில் மின்னணுப் பணி புரிந்து, பின்னர் அணு ஆயுதப் பெருக்கத்தை எதிர்த்து உழைத்தவர் இவர். இந்த விளையாட்டை அவர் பெரிதாக மதிக்கவும் இல்லை. அதற்கு உரிமை பெற முயலவும் இல்லை.

அதற்கடுத்த கட்டம் இன்னும் சுவையானது. மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற்கு பி.டி.பி.-1 என்ற கணிப்பொறி 1961-இல் வந்து சேர்ந்தது. ஸ்டீவ் ரஸ்ஸல் என்பவரும் அவருடைய நண்பர்களும் 1962-இல் அதற்காக 'ஸ்பேஸ்வார்' என்னும் விளையாட்டை இயற்றினார்கள். விண்மீன் ஒன்றின் ஈர்ப்புக்கு உட்பட்டு இரண்டு கப்பல்கள் சுழன்று போரிடும். அவற்றை எதனால் ஓட்டுவது? அப்பொறியைச் சோதிப்பதற்கென அதன் முகப்பில் பதினெட்டுச் சிறு சுவிட்சுகள் வரிசையாக அமைந்திருந்தன. அவ்வரிசையின் இடக்கோடியில் நான்கை ஒருவர் எடுத்துக்கொண்டார். வலக்கோடியில் நான்கை மற்றவர் எடுத்துக்கொண்டார். இடப்புறம் திரும்ப ஒன்று, வலப்புறம் திரும்ப ஒன்று, உந்துவதற்கு ஒன்று, சுடுவதற்கு ஒன்று.

இதில் இரண்டு குறைகள் நேர்ந்தன. சற்று நேரம் ஆடியவுடன் முழங்கை வலித்தது. அது மட்டுமன்று, திரை முகப்பின் ஒருபுறமாக நின்றமையால், அப்பக்கத்தில் இருந்தவருக்குக் காட்சி நன்றாகத் தெரிந்தது, மற்றவர் கழுத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. முதலாவது உடலின் குறை. இரண்டாவது நீதியின் குறை. இரண்டையும் நீக்க ஆலன் கோட்டாக், பாப் சாண்டர்ஸ் என்ற இருவர் முன்வந்தனர். கழகத்தில் பொம்மை ரயில் அமைக்கும் மாணவர் சங்கம் ஒன்று இருந்தது. அதன் அறையில் கிடந்த சுவிட்சுகளையும் கம்பிகளையும் கொண்டு, கையில் பிடித்துக்கொள்ளும் பெட்டிகளைச் செய்தார்கள். இவற்றில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். சுடுகிற பொத்தானை ஓசை எழாதபடி அமைத்தார்கள். ஏன் தெரியுமா? ஓசை எழுந்தால் எதிரி எச்சரிக்கை அடைந்துவிடுவான் அல்லவா! இன்று பல நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் ஆராயும் விஷயங்களை, ஒரு மாணவர் சங்கத்தின் பழைய சாமான்களுக்கிடையே இவர்கள் கண்டுகொண்டார்கள் என்பது எனக்கு என்றும் வியப்பைத் தருவது.

ஆகவே கேம்பேடின் முன்னோர் விளையாட்டுக்காகவே பிறந்தவர்கள். விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் அந்தப் பெருமை இல்லை. அவை அலுவலகத்திலிருந்து வந்தவை. கிறிஸ்டோபர் ஷோல்ஸ் அமைத்த தட்டெழுத்துப் பொறியை ரெமிங்டன் நிறுவனம் 1874-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் எழுத்து வரிசையே சிற்சில மாற்றங்களோடு இன்றும் நம் முன் கிடக்கிறது. மவுஸைக் கருதியவர் டக்ளஸ் எங்கெல்பார்ட். மரத்தால் அதைச் செய்து கொடுத்தவர் பில் இங்கிலீஷ். 1964-இல் உருவான அந்த மரக்கட்டையின் அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரு சக்கரங்கள் இருந்தன. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ நகரில் எங்கெல்பார்ட் அதைப் பலரறிய இயக்கிக் காட்டினார். மனித அறிவின் ஆற்றலைப் பெருக்குவதே அவருடைய நோக்கம். திரையில் தோன்றும் பகைவனைச் சுடுவதன்று.

எது விரைவானது என்ற கேள்வியை விளையாட்டுப் பிள்ளைகள் எழுப்புமுன் அறிஞர் எழுப்பிவிட்டனர். 1978-இல் ஸ்டூவர்ட் கார்டும் வேறு இருவரும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். அவ்விருவருள் ஒருவர் நாம் முன்பு கண்ட பில் இங்கிலீஷ். திரையிலுள்ள ஒரு சொல்லைச் சுட்டவேண்டும். மவுஸால் சுட்டியபோது நூற்றுக்கு 5 முறை தவறியது; ஜாய்ஸ்டிக்கால் சுட்டியபோது 11 முறை தவறியது. விரைவிலும் மவுஸே முந்தியது. பால் ஃபிட்ஸ் என்னும் உளவியல் அறிஞர் 1954-இல் கையசைவுக்கு ஒரு விதி வகுத்திருந்தார்: இலக்கு எவ்வளவு தொலைவோ, எவ்வளவு சிறியதோ, அதற்கேற்ப அதை எட்டும் காலம் கூடும். மவுஸின் வேகம் இவ்விதிப்படி, ஏறத்தாழ வெறுங்கையின் வேகத்தையே ஒத்திருந்தது. அதாவது, தடை கருவியில் இல்லை. நம் கண்ணிலும் கையிலுமே உள்ளது.

இதற்குக் காரணம் எளிதில் விளங்கும். மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் குறியும் அதற்குரிய தொலைவு நகர்ந்து நின்றுவிடும். விரலால் சுட்டுவது போன்றது அது. கேம்பேடிலுள்ள சிறு தண்டோ அப்படியன்று. அதைச் சாய்த்தால் குறி நகரத் தொடங்குகிறது. சாய்த்தே வைத்திருக்குமளவும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. மிகுதியாகச் சாய்த்தால் வேகம் மிகும். உரிய இடம் வரும்போது தண்டை விட்டுவிட வேண்டும். சற்றே தாமதித்தால் குறி கடந்து போய்விடும். படகின் சுக்கானைப் பிடித்தவன் நிலை இது. சுட்டுவிரலோடு சுக்கான் போட்டியிட்டால் வெல்வது எது என்று நான் சொல்லவும் வேண்டுமோ?

ஆனால் சுக்கானுக்கு உரிய இடமும் உலகில் உண்டு. அதை விளக்க ஜப்பானுக்குச் செல்வோம். கியோட்டோ நகரில் 1889-இல் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய நிறுவனம் நிண்டெண்டோ. அங்கே சீட்டு அச்சிடும் பொறிகளைப் பேணும் வேலையில் சேர்ந்தவர் குன்பேய் யோகோய். 1982-இல், புத்தகம் போல மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் விளையாட்டுக் கருவி ஒன்றை அவர் அமைக்க நேர்ந்தது. துருத்தி நிற்கும் தண்டை வைத்தால் கருவியை மூட முடியாது. ஆதலால் சிலுவை வடிவான தட்டைப் பொத்தான் ஒன்றைச் செய்தார். கட்டைவிரலை அதன்மேல் வைத்து, பார்க்காமலே நான்கு திசைகளையும் உணரலாம். அடுத்த ஆண்டு வெளிவந்த ஃபாமிகாம் என்ற வீட்டு விளையாட்டுப் பொறியில், இடக் கட்டைவிரலுக்கு அச்சிலுவையும் வலக் கட்டைவிரலுக்கு இரு பொத்தான்களும் அமைந்தன. பின்வந்த கேம்பேடுகள் எல்லாம் அதன் வழித்தோன்றல்களே. மேசை வேண்டியதில்லை, தரையிலமர்ந்து குடும்பத்தார் அனைவரும் ஆடலாம். மவுஸுக்கு மேசை இன்றியமையாதது. இந்த வேறுபாட்டை, விரைவை மட்டுமே பேசுவோர் மறந்துவிடுகிறார்கள்.

இனி இரு கருவிகளும் எதிரெதிரே நின்ற காலத்துக்கு வருவோம். 1993 டிசம்பரில் வந்த 'டூம்' என்ற விளையாட்டைப் பலர் விசைப்பலகை ஒன்றினாலேயே ஆடினார்கள். அதில் தலையை உயர்த்தி மேலே நோக்கும் வழி இல்லை. அதற்குத் தேவையும் எழவில்லை. அதே நிறுவனம் 1996-இல் வெளியிட்ட 'குவேக்' விளையாட்டில் மேலும் கீழும் நோக்க வேண்டியதாயிற்று. மவுஸால் நோக்கும் முறை அதில் இருந்தது. ஆனால் ஒரு கட்டளையைத் தட்டினாலன்றி அது இயங்காது. அதன் பயனை ஆடுவோரே கண்டறிந்து ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்டனர். வலக்கை மவுஸுக்குப் போய்விட்டமையால், பலகையின் வலப்புறத்திலுள்ள அம்புக்குறி விசைகள் நெருக்கடியாயின. இடக்கை எழுத்துகளின் நடுவே குடியேறிற்று. டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நான்கு எழுத்துகளும் நான்கு திசைகளாயின. டென்னிஸ் ஃபாங் என்ற இளைஞர் இவ்வமைப்பைக் கையாண்டு 1997-இல் நடந்த பெரும் போட்டியில் வென்று, 'குவேக்' இயற்றிய ஜான் கார்மாக்கின் ஃபெராரி காரையே பரிசாகப் பெற்றார். பின்பு கேட்பானேன்! அந்நான்கு எழுத்துகளும் நாடெங்கும் பரவின. ஷோல்ஸின் வரிசை பிரான்ஸில் சற்று மாறியிருப்பதால், அந்நாட்டார் இசட், க்யூ, எஸ், டி என்ற எழுத்துகளைக் கொண்டு ஆடுகிறார்கள்.

கேம்பேட் இவ்வகை விளையாட்டுக்கு ஆகாது என்றே அக்காலத்தில் பலர் எண்ணினர். 1996-இல் நிண்டெண்டோவின் புதிய பொறிக்கு ஒரு தண்டு கிடைத்தது. 1997-இல் சோனியின் கருவிக்கு இரண்டு தண்டுகள் கிடைத்தன. ஒன்றால் நடந்து மற்றொன்றால் நோக்கும் முறையை 2000-இல் 'ஏலியன் ரிசரெக்ஷன்' என்ற விளையாட்டு கைக்கொண்டபோது, அதிலுள்ள பூதங்களைக் காட்டிலும் அச்சமூட்டுவது இந்த இயக்குமுறையே என்னும் பொருள்பட ஒரு விமரிசகர் ஏளனம் செய்தார். அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸுக்காக வந்த 'ஹாலோ' அதே முறையால் பெருவெற்றி கண்டது. என்ன மாயம் நிகழ்ந்தது? தண்டுகள் மாறவில்லை, நிரல் மாறியது. குறி பகைவன்மேல் படும்போது தானே சற்று மெதுவாகும். நூலிழையளவு தவறிய குண்டு சிறிதே வளைந்து இலக்கைச் சேரும். சுக்கான் பிடித்த கைக்குக் கண்ணுக்குத் தெரியாத துணைக்கை ஒன்று கிடைத்தது. அதை வஞ்சகம் என்று நான் கருதவில்லை. கருவியின் குறையை அறிந்து நிரப்பிய தச்சுத்திறன் என்றே கருதுகிறேன்.

கார் ஓட்டும் விளையாட்டிலும் பந்தாட்டத்திலும் கேம்பேடே இனியது. விசைக்கு அழுத்தம், அழுத்தாமை என்ற இரண்டு நிலைகளே பெரும்பாலும் உண்டு. தண்டுக்கோ நடை, விரைநடை, ஓட்டம் எனப் பல நிலைகள். படை நடத்தும் விளையாட்டுக்கு மவுஸே வேண்டும். 1998-இல் வந்த 'ஸ்டார்கிராஃப்ட்' ஆட்டத்தில் தென் கொரிய வீரர் நிமிடத்துக்கு முந்நூறு செயல்களையும் கடப்பர். அதையே 2000-இல் கேம்பேடுக்கு மாற்றி வெளியிட்டும் பார்த்தார்கள். அங்கே அது வேரூன்றவில்லை.

இருசாராரும் தனித்தனிக் களத்தில் ஆடியவரை சண்டை வாய்ச்சண்டையாகவே இருந்தது. 2018-இல் 'ஃபோர்ட்நைட்' போன்ற விளையாட்டுகள் வெவ்வேறு பொறிகளில் ஆடுவோரை ஒரே களத்தில் நிறுத்தின. அப்போது அந்தத் துணைக்கை வழக்குமன்றம் ஏறியது. கண்ணால் ஒன்றைக் கண்டு கை அசைவதற்கு மனிதனுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடி பிடிக்கும். பகைவன் விலகும்போது குறியைத் தானே உடன் திருப்பும் நிரலுக்கு இந்தத் தாமதம் இல்லை. "எங்கள் எதிரே நிற்பவன் பாதி மனிதன், பாதி பொறி" என்று மவுஸ் பிடித்தவர் முறையிட்டனர். "உங்கள் கை முழுவதும் அசைகிறது, எங்களுக்கு ஒரு கட்டைவிரலே உண்டு" என்று மற்றவர் விடையிறுத்தனர். இரண்டும் மெய்யே. மாணவர்களே, பரிசுத்தொகைக்காக ஆடுவோருக்கு இது பிழைப்பைத் தொடும் வழக்கு என்பதையும் நினைவில் வையுங்கள்.

இடையே வேறொரு கூட்டம் புறப்பட்டது. மவுஸை வைத்து ஆடிக்கொண்டே அதைக் கேம்பேட் என்று பொறியை நம்பவைக்கும் கருவியை வாங்கி, மவுஸின் விரைவையும் கேம்பேடின் துணைக்கையையும் ஒருங்கே அனுபவித்தனர். 'ரெயின்போ சிக்ஸ் சீஜ்' என்ற விளையாட்டின் ஆசிரியர்கள் 2023-இல் இதற்கு ஒரு பரிகாரம் கண்டார்கள். அப்படிப்பட்டவன் என்று நிரல் ஐயுற்றால் அவனை வெளியேற்றுவதில்லை. அவன் கட்டளைகள் சிறிது சிறிதாகத் தாமதமடையும். மவுஸ் தன் விரைவை இழந்துவிடும். அந்நிரலுக்கு அவர்கள் 'எலிப்பொறி' என்றே பெயரிட்டனர். தவறுக்குத் தக்க தண்டனை எனலாம். ஆனால் கை நடுக்கமோ ஊனமோ காரணமாகக் கேம்பேடைப் பிடிக்க இயலாமல், அத்தகைய இணைப்புக் கருவிகளையே நம்பியிருப்போரும் உளர். வஞ்சகனையும் இயலாதவனையும் நிரல் எவ்வாறு பிரித்தறியும்? எனக்கு இவ்வழக்கில் உள்ளத்தைத் தைப்பது இவ்விடமே. யார் வெல்வது என்பதைவிட, யார் களத்துக்குள் வரலாம் என்பது பெரிய கேள்வி அன்றோ?

இதற்கு ஒரு விடையாக 2018 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் புதியதொரு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பார்ப்பதற்கு அது கேம்பேடும் அன்று, விசைப்பலகையும் அன்று. வெள்ளைப் பலகை ஒன்றின்மேல் உள்ளங்கையளவு கரும்பொத்தான்கள் இரண்டு. பின்புறம் கம்பி செருகும் துளைகள் பத்தொன்பது. ஒவ்வொரு துளையும் கேம்பேடின் ஒரு பொத்தானுக்கு ஈடு. காலால் மிதிக்கும் விசையை ஒன்றில் செருகலாம். முகவாயால் தட்டும் விசையை இன்னொன்றில் செருகலாம். சோனி நிறுவனமும் 2023 டிசம்பரில் இத்தகைய கருவி ஒன்றைக் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்டின் பலகையை ஒரு கணிப்பொறியோடு இணைத்துப் பாருங்கள்: பொறி அதையும் ஒரு கேம்பேட் என்றே கணக்கில் எழுதிக்கொள்ளும்.