தண்டமா, தீர்வையா?

குற்றத்தால் வரும் ஊதியத்திலும் அதற்குரிய தண்டம் சிறிதாயின், அதனைத் தண்டம் என்பது பொருந்துமா? வியாபாரி அதனைத் தீர்வை என்றே கணக்கில் எழுதிக்கொள்வான்.

1890ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் ஷேர்மன் சட்டத்தை நிறைவேற்றியது. வியாபாரத்தை ஏகபோகமாக்கச் சதி செய்வோருக்கு அச்சட்டம் வகுத்த உச்சத் தண்டப்பணம் 5,000 டொலர். ஓராண்டுச் சிறையும் விதிக்கலாம். அறுபத்தைந்து ஆண்டுகளாக அத்தொகை மாறவில்லை. கம்பனிகளோ மலைபோல் வளர்ந்தன.

இதன் விளைவை 1949ஆம் ஆண்டின் வழக்கொன்றிற் காணலாம். நாஷனல் சிற்றி லைன்ஸ் என்னும் நிறுவனம் அமெரிக்காவின் பல நகரங்களில் டிராம் கம்பனிகளை விலைக்கு வாங்கி, டிராம்களை நீக்கிப் பஸ்களை ஓட்டிற்று. அதற்கு மூலதனம் அளித்தோர் யாவர்? பஸ் செய்யும் ஜெனரல் மோட்டோர்ஸ், டயர் செய்யும் பயர்ஸ்டோன், எண்ணெய் விற்கும் கலிபோர்னியா ஸ்ராண்டர்ட் ஒயில் முதலியோர். தம் பொருள்களையே வாங்கவேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை. சிக்காகோவில் ஜூரிமார் இப்பொருள்களின் விற்பனையை ஏகபோகமாக்கச் சதி நடந்ததெனத் தீர்ப்பளித்தனர். போக்குவரத்தையே கைப்பற்றச் சதி செய்தனர் என்ற மற்றைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தனர். டிராமைக் கொன்றது இச்சதி ஒன்றே என்பாரும் உளர். அது மிகை என்றே நாம் கருதுகின்றோம். மோட்டார் வண்டியின் பெருக்கத்தால் பல டிராம் கம்பனிகள் முன்னரே நலிந்திருந்தன. ஆயினும் சதி சதியே.

தண்டனை யாது? ஒவ்வொரு கம்பனிக்கும் 5,000 டொலர். அதிகாரிகளுக்குத் தலைக்கு 1 டொலர். (அதற்குப் பற்றுச்சீட்டுக் கேட்டனரோ, அறியோம்!) அவ்வாண்டில் ஜெனரல் மோட்டோர்ஸின் நிகர இலாபம் 65 கோடி டொலருக்கு மேல். இரவு பகலாகப் பங்கிட்டுப் பார்த்தால், 5,000 டொலர் என்பது ஏறக்குறைய நான்கு நிமிட இலாபம். இத்தகைய சட்டம் சதியைத் தடுப்பதில்லை. அதற்கு விலை குறித்துக் கொடுக்கின்றது.

சட்டத்தில் வேறு படைக்கலமும் உண்டே எனலாம். 1911இல் ரொக்பெல்லரின் ஸ்ராண்டர்ட் ஒயில் 34 கம்பனிகளாக உடைக்கப்பட்டது மெய்யே. ஆனால் அக்கம்பனிகளின் பங்குகள் பழைய பங்காளிகளிடமே சென்றன. பங்கு விலை ஏற, ரொக்பெல்லரின் செல்வம் முன்னிலும் பெருகிற்று.

1951இல் மேல்நீதிமன்றம் சிக்காகோத் தீர்ப்பை உறுதிசெய்தது. 1955இல் காங்கிரஸ் விழித்தெழுந்து உச்சத் தண்டத்தை 50,000 டொலராக உயர்த்திற்று. அதே ஆண்டில் ஜெனரல் மோட்டோர்ஸ் ஈட்டிய நிகர இலாபம் 118 கோடி டொலர். முன்னைய கணக்கின்படி, புதிய தண்டம் இருபத்திரண்டு நிமிடம்.