பனிச்சமவெளியில் கார் வானொலி

வட அமெரிக்கக் கண்டத்தின் நடுவே, அமெரிக்காவின் டகோட்டா, மின்னசோட்டா மாநிலங்களிலிருந்து கனடாவின் மனிடோபா, சஸ்காச்சுவான் மாகாணங்கள் வரை பரந்துகிடக்கும் சமவெளியில், குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 30 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவது அரிதன்று. கார் வானொலியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் புதுக்கருவிகளின் வரிசையாகவே அதைச் சொல்லிச் செல்கின்றனர். ஆனால் ஊருக்கும் ஊருக்கும் இடையே பல மைல் வெற்றுவெளி கிடக்கும் இந்நிலத்தில் அக்கருவிகள் பட்ட பாட்டையும், அவற்றை மக்கள் கைவிடாத காரணத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவ்வரலாறு முழுமை பெறும். குளிர் இங்கே கருவியை முடக்கியது. அதே குளிர்கால இரவுதான் வானொலி அலைகளை நெடுந்தொலைவு கொண்டுசேர்த்தது.

சிகாகோவைச் சேர்ந்த பால் கால்வின் என்பவரின் நிறுவனம் 1930-இல் மோட்டோரோலா என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த கார் வானொலி, வெற்றிடக் குழாய்களால், அதாவது மின்விளக்கைப் போல உள்ளே இழை சூடேறி இயங்கும் கண்ணாடி வால்வுகளால் ஆனது. இவ்வால்வுகளுக்கு ஏறக்குறைய 200 வோல்ட் அழுத்தம் தேவைப்பட, அக்காலக் கார்களின் பேட்டரியோ 6 வோல்ட் மட்டுமே தந்தது. ஆகவே தொடக்கத்தில் காரின் தரைப்பலகைக்கு அடியில் தனி உலர் பேட்டரிகளை வைத்தனர். சில ஆண்டுகளில், நேர்மின்னோட்டத்தை நொடிக்கு நூறுமுறைக்கு மேல் வெட்டி வெட்டி மின்மாற்றி வழியே உயர்த்தும் ‘அதிர்வி’ என்ற சிறு உறுப்பு அவற்றின் இடத்தைப் பிடித்தது. இவ்வளவுக்கும் மின்சாரம் தந்தது எஞ்சினைக் கிளப்ப வேண்டிய அதே பேட்டரிதான் என்பதே குளிர்நாட்டில் சிக்கலாயிற்று.

ஈய அமிலப் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாவதால், -18 டிகிரியில் அதன் வலு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. அதே வேளையில் எஞ்சின் எண்ணெய் கெட்டிப்பட்டு, எஞ்சினைச் சுழற்றத் தேவையான விசை பெருகுகிறது. நிறுத்திய காரில் பாட்டுக் கேட்டவர் மீண்டும் எஞ்சினைக் கிளப்ப முடியாமல் போவது ஒருபுறமிருக்க, மின்னேற்றம் தீரத் தீரப் பேட்டரியிலுள்ள அமிலம் நீர்த்துப்போவதால் வேறோர் ஆபத்தும் இருந்தது: முழுமையாக மின்னேற்றிய பேட்டரி கடுங்குளிரையும் தாங்கும், தீர்ந்துபோன பேட்டரி -10 டிகிரி அளவிலேயே உறைந்து, அதன் பெட்டி வெடித்துவிடவும் கூடும். எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டாலும் பெரும்பயன் இல்லை. அக்கால டைனமோ, கார் நின்ற நிலையில் எஞ்சின் மெல்லச் சுழலும்போது போதிய மின்சாரம் தரவில்லை. வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரத்து ஆண்ட்ரூ ஃப்ரீமன், எஞ்சினை வீட்டு மின்சாரத்தால் சூடாக வைத்திருக்கும் கருவிக்கு 1949-இல் காப்புரிமை பெற்றார். அது பாட்டுக்காகப் பிறந்த கருவியன்று. ஆயினும் காலையில் எஞ்சின் எளிதில் கிளம்பியதால் பேட்டரியின் சுமை குறைந்தது, அதனால் வானொலியும் பயன் பெற்றது.

ஏரியலின் கதையும் குளிரோடு பிணைந்ததே. தொடக்ககாலக் கார்களின் கூரையில் துணியும் மரச்சட்டமும் இருந்தமையால் அதற்குள் கம்பிவலையை மறைத்து ஏரியலாகப் பயன்படுத்தினர். 1930-களின் நடுவில் கூரை முழுதும் உருக்குத் தகடானபின் அது பயனற்றுப்போக, கதவுக்குக் கீழுள்ள கால்படியின் அடியில் ஏரியலைக் கட்டினர்; சக்கரங்கள் வாரியடிக்கும் சேறும் பனிக்கூழும் அங்கேதான் சென்று படியும். பின்னர் வந்த நெடுங்கம்பி ஏரியல் பனிக்கட்டியைச் சுமந்தது. தானாக நீண்டு சுருங்கும் மின் ஏரியல் உறைந்த நிலையில் இயங்க முயன்று தன் பற்சக்கரங்களை இழந்தது.

இத்தனை இடரையும் மக்கள் ஏன் பொறுத்துக்கொண்டனர் என்பதற்கு விடை வானில் இருக்கிறது. வளிமண்டலத்தின் உச்சியில், கதிரவனின் கதிர்களால் மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்தின் கீழடுக்கு, பகலில் மத்திய அலை ஒலிபரப்பை உறிஞ்சிவிடுகிறது. கதிரவன் மறைந்ததும் அவ்வடுக்கு கரைந்துபோக, மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகள் பல நூறு மைல் தொலைவில் இறங்குகின்றன. டிசம்பரில் வின்னிபெக் நகரில் மாலை 4:30 அளவிலேயே பொழுது சாய்ந்துவிடுவதால், வேலை முடிந்து திரும்புவோர் அனைவரும் இருளில்தான் காரோட்டினர். கோடையில் கரகரப்பை உண்டாக்கும் மின்னலும் அப்போது குறைவு. சிகாகோவின் டபிள்யூ.எல்.எஸ்., ஓக்லஹோமா சிட்டியின் கோமா போன்ற 50 கிலோவாட் நிலையங்களை டகோட்டாவின் பண்ணைச் சாலைகளில் கேட்க முடிந்தது இதனால்தான். கனடிய ஒலிபரப்புக் கழகம் 1939-இல் தன் 50 கிலோவாட் நிலையத்தைச் சஸ்காச்சுவானின் வாட்ரஸ் என்ற சிற்றூரில் நிறுவியது. மின்சாரத்தை நன்கு கடத்தும் மண் அங்கிருந்ததால் பகலிலும் அலைகள் நிலத்தை ஒட்டி வெகுதூரம் சென்றன.

வானொலி வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை. 1940 நவம்பர் 11-ஆம் நாள், இதமாக விடிந்த காலைக்குப் பின் திடீரென வீசிய பனிப்புயலில் 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். போதிய முன்னறிவிப்பு இல்லாததே அழிவின் அளவைப் பெருக்கியது. சமவெளிக்கு வெளியே, 1978 பிப்ரவரியில் பாஸ்டன் நகரைச் சுற்றிச் செல்லும் 128-ஆம் சாலையில் 3,000-க்கும் மேற்பட்ட கார்கள் பனியில் புதைந்தன. அத்தகைய நிலையில் வெளியுலகச் செய்தியைச் சொல்ல வானொலி ஒன்றே இருந்தது. அதற்கும் வெப்பத்துக்குமாக எஞ்சினை ஓடவிட்டாலோ, பனி மூடிய புகைக்குழாயிலிருந்து கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்து உயிரைக் குடித்தது.

1950-களின் நடுவில் 12 வோல்ட் பேட்டரியும் டிரான்சிஸ்டர் வானொலியும், 1960-இல் கிறைஸ்லரின் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரும் வந்தபின் மின்சாரச் சிக்கல் பெரிதும் தணிந்தது. ஆனால் அசையும் உறுப்புகள் வந்ததும் குளிர் வேறு வழியில் நுழைந்தது. 1965-இல் ஃபோர்டு கார்களில் இடம்பெறத் தொடங்கிய எட்டுத்தட ஒலிநாடாவில், நாடாவை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளை நாடாப்பெட்டிக்குள்ளேயே இருந்ததால், இரவெல்லாம் காரில் கிடந்த பெட்டியில் ரப்பர் இறுகி, பாட்டு தாளம் தப்பித் தள்ளாடியது. 1984-இல் வந்த கார் குறுந்தகட்டுக் கருவிகளிலோ, ஹீட்டர் எழுப்பும் ஈரக்காற்று குளிர்ந்த வில்லைமீது நீர்த்திவலையாகப் படிந்து லேசர் ஒளியை மறைத்தது. திரவப் படிகத் திரைகள் குளிரில் மந்தமாகி எழுத்துகளை மெல்ல மாற்றின. ஒலிபெருக்கியின் கூம்பைத் தாங்கும் விளிம்பு விறைத்து அடிக்குரலை விழுங்கியது. கார் சூடேறும்வரை ஒலியைத் தணித்து வைப்பதே இதற்குத் தக்க வழி.

மின்சாரக் கார்களில் குளிர்கால மின்செலவு பெரும்பாலும் வெப்பமூட்டுவதற்கே போகிறது. வானொலியின் பங்கு மிகச் சிறிது. எனினும் அவற்றின் மோட்டார் கிளப்பும் மின்காந்த இரைச்சல் மத்திய அலையைக் கெடுப்பதால் சில நிறுவனங்கள் அவ்வலைவரிசையைக் கைவிட்டன. 2023 மே மாதம், எல்லாப் புதிய கார்களிலும் அது இருந்தாக வேண்டும் என்ற மசோதா அமெரிக்கக் காங்கிரசில் முன்மொழியப்பட்டது. பேரிடர் அறிவிப்புகள் மக்களைச் சென்றடைய வேண்டும் என்பதே அதன் முதன்மை வாதம். தன் புதிய கார்களில் அவ்வசதியை நீக்க முனைந்திருந்த ஃபோர்டு நிறுவனம் அதே மாதத்தில் அம்முடிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.