முடக்கு வாதமும் வானூர்திப் பயணமும்

முடக்கு வாதம் என்பது உடலின் நோயெதிர்ப்பு முறைமை தன் சொந்த மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குவதால் உண்டாகும் நாட்பட்ட அழற்சி நோயாகும். இந்நோய் உடையோர் வானூர்தியில் செல்வதற்குப் பொதுவாகத் தடையில்லை. எனினும் நெடுநேரம் அசையாது அமர்ந்திருத்தல், நிலையத்தினுள் நெடுந்தொலைவு நடத்தல், குளிரில் வைக்க வேண்டிய மருந்துகளைக் கொண்டு செல்லல் ஆகியவற்றுக்கு முன்னேற்பாடு தேவைப்படுகிறது.

அமர்ந்திருத்தலின் விளைவுகள்

ஓய்வுக்குப் பின் மூட்டுகள் விறைத்துப்போதல் இந்நோயின் முதன்மை அறிகுறிகளுள் ஒன்று. காலையில் எழும்போது தோன்றும் இவ்விறைப்பு, பல மணிநேரம் இருக்கையில் இருந்து எழும்போதும் தோன்றலாம். நடைவழியை ஒட்டிய இருக்கை எழுந்து நடக்க ஏற்றது.

4 மணிநேரமோ அதற்கு மேலோ நீடிக்கும் பயணத்தால் சிரைகளில் குருதி உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காவதாக உலக சுகாதார அமைப்பு 2007 இல் அறிவித்தது. ஆயினும் இது ஏறக்குறைய 6,000 பேரில் ஒருவருக்கே நேர்கிறது. முடக்கு வாதமும் இவ்வாய்ப்பைக் கூட்டுவதால், இடையிடையே நடத்தலும் கணுக்கால்களை அசைத்தலும் பரிந்துரைக்கப்படுகின்றன.

மருந்துகள்

அடலிமுமாப், எட்டனர்செப்ட் போன்ற ஊசி மருந்துகள் புரதங்களாலானவை. இவற்றை 2 முதல் 8 பாகை செல்சியசு வெப்பநிலையில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது. ஒருமுறை உறைந்த மருந்து, உருகிய பின் தெளிவாகத் தோன்றினாலும் பயன்படுத்தத் தக்கதன்று. சரக்கறையில் மருந்து உறையக்கூடும். பொதி தவறிப்போகவும் கூடும். ஆகவே இவற்றைக் கைப்பையிலேயே, பனிக்கட்டி நேரடியாகத் தொடாதவாறு எடுத்துச் செல்ல வேண்டும்.

2006 ஆகத்து மாதம் இலண்டனில் வானூர்திகளைத் தகர்க்கும் சதி வெளிப்பட்டதை அடுத்து, கைப்பையில் உள்ள நீர்மங்களுக்கு 100 மில்லிலீட்டர் வரம்பு பல நாடுகளில் விதிக்கப்பட்டது. தேவையான மருந்துகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. மருத்துவரின் கடிதமும் மருந்துச் சீட்டும் சோதனையின்போது உதவும்.

மெத்தோட்ரெக்சேட்டு மாத்திரை வாரம் ஒருமுறை மட்டுமே உட்கொள்ளப்படுவது. நேர வலய மாற்றத்தால் நாள் குழம்பி மிகுதியாக உட்கொண்டால் உயிருக்கே தீங்கு நேரலாம்.

தடுப்பூசி

ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய கண்டங்களின் சில நாடுகளுக்குச் செல்வோருக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவைப்படும். இது உயிருள்ள தீநுண்மியால் ஆனது என்பதால், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோருக்குப் பெரும்பாலும் தரப்படுவதில்லை. பயணச்சீட்டு வாங்கும் முன்பே மருத்துவரைக் கலந்து பேசுதல் நல்லது.

சக்கர நாற்காலி உதவி

வானூர்தி நிறுவனங்கள் இவ்வுதவியை மூன்று குறியீடுகளால் வகைப்படுத்துகின்றன:

* டபிள்யூ.சி.எச்.ஆர். - படியேறவும் இருக்கைவரை நடக்கவும் இயலும். நெடுந்தொலைவு நடக்க இயலாது.
* டபிள்யூ.சி.எச்.எசு. - இருக்கைவரை நடக்க இயலும், படியேற இயலாது.
* டபிள்யூ.சி.எச்.சி. - இருக்கைவரையும் உதவி தேவை.

முடக்கு வாதம் உடையோர் பலர் வெளிப்பார்வைக்கு நலமுடன் தோன்றுவதால், நடக்கக் கூடியவர் சக்கர நாற்காலி கேட்பது தகாது எனத் தயங்குவதுண்டு. ஆனால் முதல் வகை, நடக்கக் கூடியவர்களுக்கென்றே அமைந்தது. நோயின் கடுமை நாளுக்கு நாள் மாறுவதால், பதிவு செய்யும் நாளில் வலியில்லாதவரும் இவ்வுதவியைக் கோரலாம்.

ஐக்கிய அமெரிக்காவில் 1986 ஆம் ஆண்டுச் சட்டமும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006 ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2008 இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதியும் இவ்வுதவியை உரிமையாக்கியுள்ளன. ஐரோப்பிய விதிப்படி இது கட்டணமின்றி வழங்கப்பட வேண்டும். பயணி 48 மணிநேரத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* முடக்கு வாதம்
* தன்னெதிர்ப்பு நோய்
* மஞ்சள் காய்ச்சல்