முதலில் யாரைப் பார்ப்பது?

நீர்வேலியின் செம்மண் தோட்டங்களை வாழவைப்பவை கிணறுகள். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், வாழையும் வெங்காயமும் புகையிலையும் சுண்ணக்கல்லின் அடியில் தேங்கிய மழைநீரை நம்பியே விளைகின்றன. அந்நீரை முதலில் மொள்பவர் யார் என்ற கேள்விக்கு யாழ்ப்பாணச் சமுதாயம் நெடுங்காலம் பிறப்பைக் கொண்டே விடை கூறிற்று. பஞ்சமர் எனப்பட்டோர் குடத்துடன் கிணற்றடியில் காத்து நிற்பர். தம்மை உயர்த்திக்கொண்ட சாதியார் ஒருவர் வந்து அள்ளி வார்த்தால்தான் தண்ணீர். தாகத்தின் அளவு அங்கே கணக்கில் இல்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்தில் தீண்டாமைக்கு எதிராக ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது.

இவ்வழக்கத்துக்கு நேர் எதிரான விதியொன்று வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் உண்டு. முந்தி வந்தவருக்கு முதலிடமில்லை, செல்வருக்கும் இல்லை. எவருயிர் ஊசலாடுகிறதோ அவருக்கே முதலிடம். இவ்விதியின் பிறப்பிடம் கருணை இல்லமன்று, போர்க்களம். நெப்போலியனின் படைகளில் சத்திர வைத்தியராயிருந்த லாரே, காயமுற்றோருள் கடும் ஆபத்தில் இருப்பவரையே பதவியும் தரமும் பாராமல் முதலிற் கவனிக்க வேண்டுமென வகுத்தார். தளபதியின் கீறலுக்கு முன்னர் சாதாரணச் சிப்பாயின் வெட்டுண்ட கால்! பிரெஞ்சுப் புரட்சியின் சமத்துவ முழக்கம் பேரரசின் ஆரவாரத்தில் அமுங்கிய வேளையிலும், அறுவை மேசையில் அதன் எதிரொலி கேட்டது எனலாம்.

ஆயினும் எவருக்கு ஆபத்து மிகுதி என்பதைக் கண்டறிவது யார்? நோயாளியின் அருகில் இரவும் பகலும் நிற்பவள் தாதி. புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் வெளியிட்ட தாதியியல் நூலில், கூர்ந்து நோக்கும் பழக்கத்தைத் தாதியின் தலையாய தகுதிகளுள் ஒன்றாக வைத்தார். நோக்குவது தாதியின் வேலை, முடிவு செய்வது வைத்தியரின் உரிமை என்ற பிரிவினை மட்டும் நெடுங்காலம் நீடித்தது. வெப்பமானியும் இரத்த அழுத்தம் அளக்கும் கருவியும் முதலில் வைத்தியர் கைக்குரியனவாயிருந்து, வேலைப்பளு பெருகிய பின்னரே தாதியர் கைக்கு வந்தன. உழைப்பு இறங்கி வந்த வேகத்தில் அதிகாரம் இறங்கி வரவில்லை. 1974இல் கிளாஸ்கோவில் ரீஸ்டேலும் ஜெனற்றும் தலையில் அடிபட்டவரின் உணர்வு நிலையைக் கண், பேச்சு, அசைவு என மூன்றாகப் பிரித்து எண்ணாற் குறிக்கும் முறையை வகுத்தனர். யார் பார்த்தாலும், தாதியே பார்த்தாலும், ஒரே முடிவு கிட்ட வேண்டுமென்பதே அதன் நோக்கம். தாதியின் கண்ணுக்கு எழுத்து மூலமான அங்கீகாரம் கிடைத்த தருணங்களுள் அஃதொன்று.

கருவிகளுக்கு முந்தியது நோயாளியின் வாய்மொழி. இதனை நம் மண்ணில் உணர்ந்து செயலாற்றியவர் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அவர், 1860களில் தமிழையே பயிற்று மொழியாக்கினார். பிரசவ வைத்தியம் 1857இலும் இரண வைத்தியம் 1867இலும் தமிழ் நூல்களாயின. ஆங்கிலத்திற் கற்றவர் உத்தியோகம் தேடி வெளியேறுவர், தமிழிற் கற்றவர் ஊரிலே தங்குவர் என்ற கணக்கும் அவருக்கிருந்தது. மிஷனின் நோக்கம் மதம் பரப்புவது என்பதை மறப்பதற்கில்லை. எனினும் ‘நெஞ்சை அடைக்குது’, ‘தலை அம்முது’ என்ற ஏழையின் சொற்களுக்கு மருத்துவ மேசையில் இடந்தந்தது அம்முயற்சியே. அவரிடம் பயின்றோர் ஆண்கள். பெண்களுக்கென இணுவிலில் வைத்தியசாலை தோன்றியது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான்.

தாதித் தொழிலை நம் சமுதாயம் தாழ்வாகவே கருதி வந்தது. ‘தாதி’ என்ற சொல்லுக்கு வேலைக்காரி என்றும் பொருளுண்டு. பிறர் உடலைத் தொடுவதும் கழிவை அகற்றுவதும் இழிவென்ற எண்ணம் வேறெங்கிருந்து வந்தது? ஆனால் தொடாமல் நாடி பார்க்க இயலாது. தோலின் குளிர்ச்சியையும் வயிற்றின் இறுக்கத்தையும் விரல்களே அறிய வேண்டும். தீண்டாமை ஆட்சி செய்த ஊரில், இன்னார் எனக் கேளாமல் மணிக்கட்டைப் பற்றிய கை, தான் அறிந்தோ அறியாமலோ, ஒரு கலகத்தைச் செய்தது.

முன்னுரிமை விதிக்கும் எல்லை உண்டு. 2009 பெப்ரவரி முதல் மே வரை புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் கரைகளிலிருந்து செஞ்சிலுவைக் கப்பல் காயமுற்றோரையும் நோயாளரையும் ஏற்றிச் சென்றது. கப்பலில் ஏறியவரை விடக் கரையில் நின்றவர் பலர். அவ்விடத்துக்குச் சத்திர சிகிச்சைப் பொருள்கள் போதிய அளவு அனுப்பப்படவில்லை என்பதை ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் பதிவு செய்தது. ஆட்சியாளர் உண்டாக்கிய பற்றாக்குறையை வைத்தியசாலை ஊழியரின் மதிநுட்பம் ஈடு செய்யுமென எதிர்பார்ப்பது கொடுமை. யாரைக் காப்பது என்ற கேள்வி அங்கே யாரைக் கைவிடுவது என்று உருமாறிவிடுகிறது.

அமைதிக் காலத்து நீர்வேலிக்கே வருவோம். விடிகாலையில் வயிற்றுவலியென ஒரு கூலித் தொழிலாளி வைத்தியசாலைக்கு வருவதாகக் கொள்வோம். காயமில்லை, வீக்கமில்லை, காய்ச்சலுமில்லை. வரிசையிற் கடைசியில் அமர்த்தத்தக்கவர் போலவே தோன்றுவார். அனுபவமுள்ள தாதி ஒரு கேள்வி கேட்பாள்: “ராத்திரி நிலத்திலயோ படுத்தனீங்கள்?” கட்டுவிரியன் இரவில், வெறுந்தரையில் உறங்குவோரைத் தீண்டுவது, கடித்த தடம் பெரும்பாலும் தெரியாது. கட்டிலில்லாத குடிசைக்காரரையே அது மிகுதியும் பலி கொள்கிறது. முதலில் வயிறு வலிக்கும், பின்னர் இமைகள் சரியும், பேச்சுக் குழறும், இறுதியில் மூச்சை இயக்கும் தசைகளே செயலற்றுப் போகும். ஆகவே அத்தாதி அவரை மேலே பார்க்கச் சொல்கிறாள். இமை உயர்கிறதா என்று கவனிக்கிறாள். பிறகு ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என எண்ணச் சொல்கிறாள். சற்று நேரங் கழித்து மீண்டும் எண்ணச் சொல்கிறாள். முன்பு இருபது வரை சென்றவர் இப்போது பன்னிரண்டில் நின்றால், அவள் வைத்தியரை அழைக்க ஓடுகிறாள்.