வேலி யாருக்காகத் திறந்தது?

2001 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் பிடிக்கப்பட்ட யானைகள் சில, எல்லைக்கு அப்பால் மொசாம்பிக் மண்ணில் விடப்பட்டன. நெல்சன் மண்டேலாவே விழாவுக்கு வந்திருந்தார். மொத்தம் 1,000 யானைகளை அனுப்புவது திட்டம். முதலில் போனவற்றில் சில, கொஞ்ச நாளில் பழைய இடத்துக்கே நடந்து திரும்பிவிட்டன என்பது தனிக்கதை.

க்ரூகர், மொசாம்பிக்கின் லிம்போபோ, ஜிம்பாப்வேயின் கோனரேஜோ என்ற மூன்று தேசியப் பூங்காக்களையும் இணைத்து ஒரே காடாகக் காப்பது என்று 2002 டிசம்பர் 9 அன்று மூன்று நாட்டு அதிபர்களும் ஒப்பந்தம் போட்டார்கள். சுமார் 35,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். விலங்குக்கு நாட்டெல்லை தெரியாது, எனவே பாதுகாப்பும் எல்லை தாண்டித் திட்டமிடப்பட வேண்டும் என்பது அவர்களது வாதம். வாதம் சரிதான். ஆனால் அந்த எல்லையை மதித்து வாழ முடியாதவர்கள் விலங்குகள் மட்டும்தானா?

அந்தப் பகுதியில் எல்லையின் இருபுறமும் சோங்கா மொழி பேசும் மக்கள் வாழ்கிறார்கள். ஐரோப்பியர்கள் வரைபடத்தில் கோடு போட்டதால் அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு என்று ஆனவர்கள். க்ரூகரின் முன்னோடியான சாபி வேட்டைவிலங்குக் காப்பகம் 1898-இல் அறிவிக்கப்பட்டது. 1902-இல் அதன் காப்பாளராக வந்த ஸ்டீவன்சன்-ஹாமில்டன் அங்கிருந்த கருப்பின மக்களை வெளியேற்றினார். மக்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'ஸ்கூகூசா'. துடைத்துப் பெருக்குபவர் என்று பொருள். இன்று க்ரூகரின் தலைமை முகாமுக்கு அதே பெயர்தான். மூன்று நாட்டு அமைச்சர்கள் 2000 நவம்பரில் இந்தக் கூட்டுப் பூங்காவுக்கான முதல் உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டதும் அங்கேதான். இடத்தின் பெயருக்கு அர்த்தம் என்னவென்று அன்று யாராவது நினைத்துப் பார்த்தார்களா, தெரியவில்லை.

க்ரூகரின் வடகோடியில், லிம்போபோவும் லுவுவுவும் கூடும் பஃபூரி முக்கோணத்தில் மகுலேக்கே மக்கள் இருந்தார்கள். பூங்காவின் மொத்தப் பரப்பில் அது ஒரு விழுக்காடு அளவுதான், ஆனால் உயிரினச் செறிவில் அதற்கு ஈடான இடம் அங்கே குறைவு. 1969-இல் நிறவெறி அரசு துப்பாக்கிமுனையில் அவர்களை அப்புறப்படுத்தியது. தம் வீடுகளைத் தாமே கொளுத்த வைத்தது. தெற்கே சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, ந்ட்லவேனி என்ற இடத்தில் இறக்கிவிட்டது. விலங்குப் பாதுகாப்பு மட்டும் காரணமல்ல. எல்லையோரத்தில் கருப்பின மக்கள் குடியிருப்பதை ராணுவமும் விரும்பவில்லை.

1970களில் எல்லையில் வேலி எழுந்தது. மொசாம்பிக்கில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். க்ரூகருக்குத் தெற்கே எல்லையின் ஒரு பகுதியில் ஆளைக் கொல்லும் மின்வேலி போடப்பட்டிருந்தது. தப்பி வந்த அகதிகள் க்ரூகர் காட்டுக்குள்ளேயே நடந்தார்கள். சிங்கத்துக்கு இரையானவர்களும் உண்டு. மனிதர்கள் இப்படிச் செத்துக்கொண்டிருந்த காலத்தில் அந்த வேலியைத் திறக்க எந்த அதிபரும் வரவில்லை.

இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த பகுதி. மாணவர்கள் இதை நிதானமாகப் படிக்க வேண்டும். நிறவெறி ஆட்சி விழுந்தபின் 1994-இல் நிலமீட்புச் சட்டம் வந்தது. மகுலேக்கே மக்கள் அதன்கீழ் வழக்காடினார்கள், 1998-இல் நிலம் அவர்கள் பெயருக்கே திரும்பியது. சுமார் 24,000 ஹெக்டேர். அவர்கள் அங்கே குடியேறவில்லை. நிலம் காடாகவே இருக்கட்டும், நிர்வாகத்தைப் பூங்காத் துறையும் நாங்களும் சேர்ந்து நடத்துவோம், சுற்றுலா வருமானம் எங்களுக்கு வரட்டும் என்று உடன்பாடு செய்தார்கள். கூட்டு நிர்வாகக் குழுவில் அவர்களது பிரதிநிதிகள் உட்கார்ந்தார்கள். 2007-இல் அந்த ஈரநிலம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 'மக்களிடம் கொடுத்தால் காடு அழியும்' என்று சொல்பவர்களுக்கு இதைக் காட்டலாம். அதற்காக அந்த உடன்பாட்டில் எல்லாமே நியாயம் என்று சொல்ல மாட்டேன். சொந்த மண்ணில் வீடு கட்டுவதில்லை என்று எழுதிக் கொடுத்துத்தான் அதைத் திரும்பப் பெற முடிந்தது.

அதே காட்டின் மொசாம்பிக் பக்கம் கதை வேறு. யானைகள் வந்த அடுத்த மாதம், 2001 நவம்பரில், பழைய வேட்டைப் பகுதி ஒன்றை லிம்போபோ தேசியப் பூங்கா என்று அரசு அறிவித்தது. உள்ளேயும் ஓரங்களிலும் இருபதாயிரத்துக்கும் அதிகமான மக்கள் வாழ்ந்தார்கள். அதில் ஷிங்வேட்சி ஆற்றங்கரைக் கிராமங்களில் மட்டும் சுமார் 7,000 பேர். இப்படி ஒரு பூங்கா வருகிறது என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது என்று அப்போது நடந்த கள ஆய்வு பதிவு செய்திருக்கிறது. மொசாம்பிக்கின் 1997 நிலச்சட்டம் காகிதம் இல்லாத மரபுவழி உரிமையையும் ஏற்கும் நல்ல சட்டம்தான். ஆனால் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் புதிதாக நிலவுரிமை பெற முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஒரு நிலத்தைப் பூங்கா என்று அறிவித்துவிட்டால், அங்கே இருப்பவர்களின் உரிமை எந்தக் கணக்கில் வரும்?

ஜெர்மனி உள்ளிட்ட வெளிநாட்டு நிதி வந்தது. யாரையும் வலுக்கட்டாயமாக வெளியேற்ற மாட்டோம், விரும்புபவர்களை மட்டுமே இடம் மாற்றுவோம் என்றார்கள். நடந்ததைப் பாருங்கள். யானை வந்து சோளத்தைத் தின்றது, மாட்டைச் சிங்கம் அடித்தது, சுட்டு விரட்டினால் குற்றம். எப்படியும் காலி செய்யப்போகும் ஊர்தானே என்று வளர்ச்சிப் பணிகளும் வரவில்லை. கடைசியில் மக்களே 'சம்மதித்தார்கள்'. 2008-இல் நங்குவேனே என்ற சிறிய கிராமம் முதலில் நகர்ந்தது. போன இடத்தில் ஏற்கெனவே ஓர் ஊர் இருந்தது. மேய்ச்சலையும் விளைநிலத்தையும் அந்த ஊரோடு பங்கு போட வேண்டியிருந்தது.

ஜிம்பாப்வே பக்கம் கோனரேஜோவையும் க்ரூகரையும் சேர்க்க இடையில் இருப்பது செங்வே பொதுநிலம், அதாவது மக்கள் உழுது மேய்த்து வாழும் நிலம். திட்ட வரைபடத்தில் அதன் பெயர் 'செங்வே வழித்தடம்'.

பிறகு காண்டாமிருக வேட்டை பெருகியது. 2014-இல் தென்னாப்பிரிக்காவில் கொல்லப்பட்ட 1,215 காண்டாமிருகங்களில் 827 க்ரூகரில் செத்தவை. கொம்பின் விலையில் பெரும்பங்கு கடத்தல்காரனுக்கு. காட்டுக்குள் போய்ச் சுடப்பட்டவர்களில் பலர் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஏழைக் கிராமங்களின் இளைஞர்கள். யானைக்காகத் திறந்த வேலியைக் காண்டாமிருகத்துக்காக மீண்டும் கட்டச் சொல்லி தென்னாப்பிரிக்காவில் குரல்கள் எழுந்தன. அதே ஆண்டுகளில் ஷிங்வேட்சிக் கரையில் இன்னும் பல கிராமங்கள், தங்கள் வீட்டை எப்போது காலி செய்யச் சொல்வார்கள் என்று காத்திருந்தன.